கழற்றி வைத்த செருப்பு

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து ஆஸ்பத்திரியில என் தம்பி செருப்பைக் கழட்டிட்டான்க்கா!” என்றாள் இளையவள்.

“இது ஒரு அதிசயமாடி?”

“தூங்கையிலகூட கழட்டமாட்டான்க்கா. யாராச்சும் பிடிக்க வந்தா ஓடணுமாம். பழைய ஆஸ்பத்திரியில இரும்பு கேட்டைப் பாத்ததுமே ஓடிட்டான்.”

“இந்தப் புது மனநல ஆஸ்பத்திரி எப்படி?”

“அம்புட்டும் மரம்க்கா. தூணு, கதவு, தரை எல்லாம். வாசல்ல நின்னு தூணைத் தடவிப் பாத்தான். யாரும் சொல்லல, செருப்பை ஓரமா விட்டுட்டு, வீட்டுக்குள்ள போற மாதிரி போயிட்டான்.”

“அந்த ஆஸ்பத்திரியைக் கட்டுன கைக்குத் தங்கக் காப்பு போடலாம்டி.”

“டாக்டரைப் பாத்து முடிச்சதும், ‘வாடா, பஸ்ஸு போயிரும்’னேன். ‘என்னக்கா அவசரம், செத்த நேரம் ஒக்காரு’ன்னுட்டான்.”