முதுகில் ஏழு கீறல்

– அசையாம நில்லுங்க! பெயிண்ட் கழுத்துல ஏறுது பாருங்க.

– பிரஷ் கூசுதுடி...

– நாளைக்கு மேடையேறப்போற தளபதிக்குக் கூசுமா?

– ம்... கவசம் இரும்பு மாதிரி தெரியுதா?

– யோகா பாயை வெட்டி ஒட்டினதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா புது எவர்சில்வர் குடம் மாதிரி மினுக்குது. கறுப்பைத் தண்ணியாக் கரைச்சுப் பூசி, உடனே துணியால துடைக்கணும். இடுக்குல மட்டும் அழுக்கு நிக்கும். அப்புறம் ஸ்பாஞ்சுல காவி தொட்டு ஒத்தினா, துரு.

– கீறல்?

– அது கடைசி. நாள் பூரா பட்டறையில ஊரான் கார்ல இருக்கிற கீறலை மறைக்கிறேன். வீட்டுக்கு வந்தா கட்டின புருஷனுக்குக் கீறல் போடுறேன். தலையெழுத்து! எத்தனை வேணும்?

– ஏழு போடு. முதுகுல.

– முதுகுலயா?

– சும்மா... பார்வைக்கு.

– அப்ப நெஞ்சுல?

– நெஞ்சு வேண்டாம். அது பளபளன்னே இருக்கட்டும்.

– ஏங்க, தளபதின்னா படைக்கு முன்னால போறவர்தானே?

– முன்னாலதான்... எதிரி பின்னால வந்துட்டான்.

– ஏழு தடவையுமா?

– பெரிய படை!

– பட்டறைக்கு வர்றவங்களும் இப்படித்தான். 'வண்டி சும்மா நின்னுச்சு மேடம், எவனோ வந்து உரசிட்டான்'பாங்க. கீறலைப் பார்த்தாலே தெரியும், இவரே ரிவர்ஸ்ல போய்த் தூண்ல முட்டினாருன்னு.

– நீ பெயிண்ட் அடிக்கிறியா, விசாரணைக் கமிஷன் நடத்துறியா?

– சரி, சேறு எங்க வேணும்?

– காலுக்குப் பின்பக்கம்... முதுகு வரைக்கும் தெறிச்ச மாதிரி.

– ஓடினாத்தானே அப்படித் தெறிக்கும்?

– நாளைக்கு உங்கண்ணன் அவசியம் வரணுமா?

– வராம? அண்ணி, பசங்க, அண்ணியோட தங்கச்சி... எல்லாருக்கும் முதல் வரிசை.

– முதல் வரிசையா! கடைசியில உட்கார்ந்தா நல்லா காத்து வருமே...

– திரும்பாதீங்க, துரு கலையுது.

– இங்க பாரு... நான் தளபதி இல்ல.

– பின்ன?

– கோட்டைக் காவலாளி. நாலாவது ஆளு. உள்ள வரும்போது நெஞ்சு மட்டும் தெரியும், பளபளன்னு. முரசு கேட்டதும் ஒரே ஓட்டம். துரத்தித் துரத்தி வெட்டுவாங்க. அப்பத்தான் ஜனங்க முதுகைப் பார்க்கும்.

– வசனம்?

– இருக்கே. 'ஐயோ.'

– அவ்வளவுதானா?

– ரெண்டு தடவை. ஒண்ணு மேடையில, இன்னொண்ணு திரைக்குப் பின்னால.

– அடப்பாவி மனுஷா! ஒரு மாசமா கண்ணாடி முன்னால வாளைச் சுழட்டினீங்களே!

– உங்கண்ணன் என்னை ஒரு ஆளாவே மதிக்கிறதில்ல. சாப்பாட்டு மேசையில உப்பு ஜாடியைக்கூட என்னைத் தாண்டித்தான் கேட்பாரு. நாடகத்துலயாவது தளபதின்னு இருக்கட்டுமேன்னு... வாய் தவறிச் சொல்லிட்டேன். இப்ப அவரு முன்னால எப்படி ஓடுவேன்?

– சரி சரி, முகத்தைத் தொங்கப் போடாதீங்க. துரத்துறது யாரு?

– எதிரித் தளபதி. ஜிம் மாஸ்டர்தான் நடிக்கிறதா இருந்தாரு, போன வாரம் காலு பிசகிடுச்சு. வேற யாரையோ தனியா ஒத்திகை பார்க்க வைக்கிறாராம் டைரக்டர். யாருன்னு கேட்டா வாயே திறக்கல. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற பல் டாக்டரு அவரு!

– நான்தான் திறக்காதீங்கன்னேன்.

– நீயா? அப்போ... நான் காவலாளின்னு உனக்கு...

– ஒரு வாரமாத் தெரியும். நீங்களா எப்பத்தான் சொல்றீங்கன்னு பார்த்தேன்.

– அடிப்பாவி! தெரிஞ்சும் அண்ணன் குடும்பத்தையே கூப்பிட்டிருக்கே!

– அவங்க உங்களைப் பார்க்கவா வர்றாங்க? திரும்பி நில்லுங்க... நாளைக்கு நான் வெட்டப்போற இடத்துலதானே கீறல் போடணும்!