மாப்ள வாங்கிக் குடுத்த கணப்பு

...இல்லம்மா, நீ அத ரொம்ப நோண்ட வேணாம். கணப்பு நல்லாத்தான் இருக்கு, கோளாறு பூரா அத வச்சவன்கிட்ட. உக்காரு, உக்காரு, தரையிலயே உக்காந்து பாரு. உன் சட்டையில ரெம்பெல்னு போட்டிருக்கே, எந்த ரெம்பெல் குடும்பம்? கோழிப்பண்ண ரெம்பெலா, சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற ரெம்பெலா? கோழிப்பண்ணையா... சரி சரி. உங்க தாத்தா எங்கிட்ட ஒரு கடாப் பன்னி வாங்கிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். பேத்தி கேஸ் கணப்பு ரிப்பேருக்கு வந்து நிப்பான்னு அவரு கனவுல கூட நெனச்சிருக்க மாட்டாரு. எனக்கென்ன, எவ வந்தாலும் எங்க மாப்ளைக்குத் தேவல.

கர்ட்டிஸ்னு பேரு. வின்னிபெக்ல இன்சூரன்ஸ் ஆபீசு. நாள் முழுக்க எங்க என்ன எரியும், எவன் எப்ப விழுவான்னு எழுதிக்கிட்டே இருக்கற உத்தியோகம். எங்க அம்பதாவது கல்யாண நாளுக்கு, குளிரு காயன்னு இந்தக் கேஸ் கணப்ப வாங்கி மாட்டிவிட்டான். நான் கேட்டனா? பண்ணையில நாப்பது வருஷம் நானே வெறகு வெட்டி நானே எரிச்சவன். டவுனுக்குக் குடி வந்துட்டா நெருப்பு மூட்டத் தெரியாமப் போயிருமா? இங்க பாரு இந்தக் கட்டைய. களிமண்ணுல சுட்ட கட்ட! எரியாத கட்ட எதுக்கும்மா? கண்ணாடிப் பொட்டிக்குள்ள மீன் வளக்கற மாதிரி நெருப்ப வளக்கணுமாம். அதுக்கு நாப்பது பக்கத்துல புத்தகம் வேற.

மொத நாள் எனக்குப் பாடம் எடுத்தாம்மா, எனக்கு. குமிழத் திருகி, பைலட்டுனு எழுதியிருக்கற எடத்துல வச்சு அழுத்திப் பிடிக்கணுமாம். பொறி பட்டன அழுத்தணுமாம். குட்டிச் சுடர் வந்ததும் கைய எடுக்கக்கூடாதாம், முப்பது எண்ணணுமாம். வாய்விட்டு எண்ணினான், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. சுடர் நிக்கலேன்னா மூடிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணுமாம், தேங்கின கேஸ் போறதுக்கு. கேஸ் வாட அடிச்சா ஒரு சுவிட்சையும் தொடாம வெளிய போயி போன் பண்ணணுமாம். கண்ணாடி சுடுமாம், குழந்தைய மூணடி தள்ளி வைக்கணுமாம். கடைசியா நடையில ஒரு விஷவாயு அலாரத்த மாட்டிட்டு, "மாமா, இது கத்துனா வாதாடாதீங்க, வெளிய போங்க"ன்னான். வாதாடாதீங்களாம். நான் என்னிக்கும்மா வாதாடினேன்?

சூரியகாந்தி வெத கொறிக்கிறியா? வேணாமா? வேல நேரத்துல தின்ன மாட்டீங்களா. சரி. நான் கொறிச்சுக்கறேன்.

ஆங்... அக்டோபர்ல நல்லாத்தான் எரிஞ்சுது, பொய் சொல்லக்கூடாது. நவம்பர்லயும் எரிஞ்சுது. மொதப் பெரிய பனி விழுந்துச்சு பாரு, அதுலேருந்து வந்துச்சு வென. அர மணி நேரம் எரியும், சுடர் மஞ்சளா நெளியும், பொசுக்குனு அணைஞ்சுரும். கண்ணாடி பூரா கரி. சீமெண்ண வெளக்கு கூட இதவிட ஒழுங்கா எரியும். நானே கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டினேன்... ஆமா, நாந்தான். ரெண்டு கொக்கி இருந்துச்சு, ஒண்ணு மாட்ட வரல, விட்டுட்டேன். ஒரு கொக்கியில நிக்கிதே, கீழயா விழுது? நீ ஏன் அப்படிப் பாக்கற?

வீட்டுக்காரியும் அப்பலேருந்து ஒரு மாதிரிதான். ஹில்டா. கணப்பு முன்னால பின்னலோட உக்காந்தா தலவலிங்கறா. வாந்தி வர மாதிரி இருக்குங்கறா. அக்கா டீனா வீட்டுக்குப் போனா ஒரு மணி நேரத்துல சரியாப் போயிருதாம். இங்க வந்தா மறுபடி ஆரம்பிச்சுருதாம். இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு? அம்பது வருஷம் கழிச்சு என் மூஞ்சியப் பாத்தாத் தலவலிக்குது, வேறென்ன. இப்பக்கூட அங்கதான் இருக்கா. மூணு நாளா எங்கிட்ட பேச்சு இல்ல.

ஏன் பேச்சு இல்லன்னு கேக்கறியா? கேக்கலயா. பரவால்ல, சொல்றேன்.

சனிக்கெழம மக லோர்னாவும் மாப்ளயும் குழந்தையோட வந்தாங்க. எஸ்ரா, நாலு மாசம். ராத்திரி பகல் தூங்காத குழந்தம்மா அது. பெத்தவன் கையில அஞ்சு நிமிஷம் நிக்காது. நான் கணப்பு முன்னால மடியில போட்டேன் பாரு, நாப்பது நிமிஷம். அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம். "பாத்துக்கோ, புள்ளைய இப்படித் தூங்க வைக்கணும்"னு மாப்ளகிட்ட சொல்லி முடிக்கல, நடையில அந்த எழவு அலாரம் கத்த ஆரம்பிச்சுது. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? குழந்தைய என் மடியிலேருந்து புடுங்கினான். புடுங்கினாம்மா! கணப்ப அணைச்சான், கதவு ஜன்னலெல்லாம் தொறந்தான், எங்கள வாசல்ல நிறுத்தினான். வெளிய மைனஸ் இருவத்தெட்டு. என் வீட்டுச் சூடு பூரா தெருவுக்குப் போச்சு. நான் உள்ள போயி அலாரத்துலேருந்து பேட்டரியக் கழட்டினேன், நின்னுபோச்சு. அவ்வளவுதான் விஷயம், பேட்டரி கோளாறு.

அதோட விட்டானா? ஆளு வந்து பாக்கற வரைக்கும் பத்த வைக்காதீங்கன்னு உத்தரவு. உங்க கடைக்குப் போன் பண்ணினதும் அவந்தான். கெளம்பற நேரத்துல வடக்குச் சுவருகிட்ட ஓடி, நான் அணைச்சு வச்ச பனிய வெறுங்கையால பறிச்சு எறியறான். கையுறை கூட இல்ல. "குழாய், குழாய்"னு கத்தறான். எவன் காதுல வாங்கினான்? என் மேல உள்ள கோவத்த என் பனி மேல காட்டறான்னு நெனச்சேன். வேறெப்படி நெனைக்கறது? செடிக்கு மண் அணைக்கற மாதிரி வீட்டுக்குப் பனி அணைக்கறது எங்க அப்பா காலத்துப் பழக்கம். குளிரு அடிவாரத்துல நுழையாது. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வந்ததும் அவன் பறிச்சத பூரா திரும்ப ரொப்பினேன். இந்தத் தடவ தண்ணி ஊத்தி ஒறைய வச்சேன். இனிமே எவன் பறிக்கறான் பாப்போம்னு.

பத்த வச்சனாவா? வைக்காம? ஞாயிறும் வச்சேன், நேத்தும் வச்சேன். என் வீட்டுல நான் குளிரு காய அவன் அனுமதி வேணுமா? ஆனா இன்னிக்குக் காலையிலேருந்து சுத்தமாப் பிடிக்கல. முப்பது இல்ல, அறுவது எண்ணிப் பாத்துட்டேன்.

இப்ப என்னன்னா, கிறிஸ்மஸுக்குக் குழந்தையக் கொண்டாற மாட்டாங்களாம். லோர்னா போன்ல அழறா. எஸ்ராவுக்கு மொதக் கிறிஸ்மஸும்மா. பன்னிக்கறி சாசேஜ் புகையில வாட்டி வச்சாச்சு, ஹில்டா குட்டி பிஸ்கட்டு நாலு டப்பா சுட்டு வச்சிருக்கா. எல்லாம் இந்தக் கணப்பால, அத வாங்கினவனால. நீ ஒரு வார்த்த எழுதிக் குடு, மாப்ள தப்பா மாட்டிட்டான்னு. நான் அத அவன் மூஞ்சிக்கு நேரா... எங்க எந்திரிச்சுட்ட?

புகை போற வெளிக்குழாயா? இருக்கும், வடக்குப் பக்கம். இரு, கோட்டு போட்டுக்கறேன். நானும் வரேன், நீயா தேடினாக் கெடைக்காது...

பாத்தியா, எப்படி இருக்கு. ஜன்னல் மட்டத்துக்கு, நூல் பிடிச்ச மாதிரி. இந்தத் தெருவுல எவன் வீட்டுலயாவது இப்படி... ஏம்மா, கடப்பாரைய ஏன் எடுக்கற? நிறுத்து. சொல்றேன்ல... அட, ரெம்பெல் பொண்ணே...

என்ன அது, தகரப் பொட்டி? அதுவா குழாய் வாய்? இதுக்குள்ளயா இருந்துச்சு?

அப்ப... உள்ள எரிஞ்ச புகை எங்க போச்சு? போக வழியில்லாமத் திரும்பி வீட்டுக்குள்ளயே... கொக்கி மாட்டாத கண்ணாடி வழியாவா?

ஹில்டா தலவலி.

...

அந்த நாப்பது நிமிஷம் குழந்த என் மடியில இருந்தாம்மா. தூங்கறான்னு நெனச்சேன். பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

குடு அந்தக் கடப்பாரைய. நான் ஊத்தின தண்ணி, நானே ஒடைக்கறேன். நீ உள்ள போயி அலாரத்துல பேட்டரியப் போடு, என் படுக்கைக்குப் பக்கத்து டிராயர்ல கெடக்கு. அப்படியே டீனா வீட்டுக்குப் போன் போட்டு, நான் சொல்ற வரைக்கும் ஹில்டாவ வர வேணாம்னு சொல்லு.

மாப்ளகிட்ட நான் பேசிக்கறேன். திட்டுவான். திட்டட்டும். நான் வாதாடல.