தப்புன்னு சொல்லத்தான் படிச்சாங்க

...இல்லம்மா, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர் நாற்காலி கிட்டக்க வந்து நிக்குது. அதைப் போய் ஒரு மனுஷன் காலால எத்தி விடுவாரா? எங்க வீட்டுக்காரர் விட்டாரே! உக்காருங்க, உக்காருங்க... உங்க பார்சல் எங்க ஓடிடப் போகுது, எடுத்துத் தர்றேன். பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க, நாலு பேர் நாலு விதமா சொல்றதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கோங்க.

அவரு மாலிக்யூலர் பயாலஜி விஞ்ஞானி. அப்படின்னா என்னன்னு என்னைக் கேக்காதீங்க. பன்னு உப்பப் போடுவாங்களே ஈஸ்ட்டு, அதுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு புரோட்டீனைக் கட்டிக்கிட்டு அழுதார். என்னைக் கட்டினதுகூட அதுக்கப்புறம்தான்! சொந்தக்காரங்க எல்லாம் 'ஈஸ்ட்டு மாப்பிள்ளை'ன்னுதான் கூப்பிடுவாங்க.

அந்த வேலையில என்னன்னா... நீங்க ஒரு கட்டுரை எழுதினா, இன்னொருத்தர் தன் கட்டுரையில 'இன்னார் இப்படிச் சொன்னார்'னு உங்க பேரைப் போடணும். அதுக்குப் பேரு சைட்டேஷன். எத்தனை பேர் போட்டாங்களோ அவ்வளவு மதிப்பு. இவரை யாரு போட்டா? இவரே போட்டுக்கிட்டார்! தன் போட்டோவுக்குத் தானே லைக் போட்டுக்கிற மாதிரி. கட்டினவ நான், இத்தனை வருஷத்துல என்னிக்காவது 'என் பொண்டாட்டி இப்படிச் சொன்னா'ன்னு இவர் சொல்லியிருப்பாரா? ம்ஹூம்.

திடீர்னு இவரோட ஒரு கட்டுரை வந்துச்சும்மா. அந்தப் புரோட்டீன் கூடுதலா இருந்தா ஈஸ்ட்டு கிழடு தட்டாம ரொம்ப நாள் வாழுதாம். அவ்வளவுதான்! எண்ணிக்கை ஏறுது, ஏறுது, அப்படி ஏறுது. ஆபீஸ்ல லிஃப்ட் பக்கத்துல அவர் போட்டோவை மாட்டினாங்க. நான் சும்மா இருந்தேனா? பல் டாக்டர் என் பல்லைப் பிடுங்கும்போதுகூட வாயைத் திறந்து வச்சுக்கிட்டே சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் போன் பண்ணி 'அண்ணி'ங்கிறா!

அப்பதான் என் அண்ணன் பொண்ணு லீவுக்கு வந்தா. அவளும் இதே படிப்பு. சாப்பிடும்போது, "உங்க லேப்ல மாமா கட்டுரையைப் படிப்பாங்களாடி?"ன்னு பெருமையா கேட்டுத் தொலைச்சேன்.

"ஐயோ அத்தை, படிக்காத ஆளே இல்ல!"ன்னா. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"என்ன, சொல்லு"ன்னார் இவர்.

"இல்ல மாமா... செஞ்சு பாத்தோம், நீங்க சொன்ன மாதிரி எங்களுக்கு ரிசல்ட் வரல. யாருக்குமே வரல. எல்லாரும் உங்க பேரைப் போடுறதே... வரலைன்னு எழுதத்தான்."

ஐயய்யோ, அந்த மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்! அதுவரைக்கும் இந்த மனுஷன் எண்ணிக்கையை மட்டும்தாம்மா பாத்திருக்கார். ஒண்ணு ரெண்டைப் பிரிச்சுப் படிச்சிருக்கார், பொறாமைல எழுதுறாங்கன்னு மூடி வச்சிட்டார்.

மறுநாளே கையுறையை மாட்டிக்கிட்டு, மாணவன் மாதிரி எல்லாத்தையும் முதல்லேர்ந்து அவரே செஞ்சார். கடைசில என்ன தெரியுமா? ஃப்ரீஸர்ல டப்பா மாறிப் போச்சு! ரொம்ப நாள் வாழ்ந்தது பக்கத்து லேப்புக்காரங்க ஈஸ்ட்டாம். அதுக்குப் பிறவியிலேயே ஆயுசு கெட்டி. இவர் புரோட்டீன் ஒரு மண்ணும் பண்ணல!

கட்டுரையை வாபஸ் வாங்கறேன்னு கிளம்பினார். ரிட்டயர் ஆகப் போற டைரக்டர் வீட்டுக்கே ஓடி வந்துட்டார். இதே சோஃபா, நீங்க உக்காந்திருக்கிற இடம்தான். "திட்டி எழுதினாலும் கணக்குல ஒண்ணுதானே சார்? அடுத்த டைரக்டர் நீங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க"ன்னார். கரும்பு தின்னக் கூலியா! சரின்னு இருந்திருக்கலாமில்ல?

இப்ப அந்த நாற்காலில ஆபீஸ்ல இவருக்கு எதிர் ரூம்காரர். அவர் கட்டுரையை யாரும் தப்புன்னு சொன்னதே கிடையாது. படிச்சாத்தானே சொல்றதுக்கு! போட்டோவையும் கழட்டிட்டாங்க. கூத்தைக் கேளுங்க, வாபஸ் வாங்கினது தெரியாம இன்னமும் சில பேர் அதைப் போட்டுக்கிட்டேதான் இருக்காங்களாம்!

என்னம்மா கேட்டீங்க... அந்த வாபஸ் லெட்டரை யாரு அனுப்பினதா?

ம்... எழுதினது அவர்தான். எழுதி வச்சுக்கிட்டு லேப்டாப்பைத் திறக்குறதும் மூடுறதும். சோறு இறங்கல. ஷேவ் பண்ண நின்னவர் கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாக்க மாட்டாம கன்னத்தைக் கிழிச்சுக்கிட்டார். பஞ்சை வச்சு அழுத்தும்போது, "நான் என்ன பண்ணட்டும்?"னு கேக்குறார், குழந்தை மாதிரி.

"எந்தப் பட்டன்?"னு கேட்டேன். காட்டினார். அழுத்திட்டேன்.

ஆமா, நான்தான்! அதுக்கென்ன இப்ப? அன்னிக்குப் படுத்தவர்தான், விட்டார் பாருங்க ஒரு குறட்டை! மாசக்கணக்கா புரண்டுக்கிட்டுக் கிடந்த மனுஷன். இப்ப தினமும் அதேதான். எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்ல.

அந்தக் குறட்டை உங்க சுவருக்கும் கேக்குதாம்மா? ...கேக்கட்டும், விடுங்க.