கலேவெல பஸ்ஸில் ஒரு பேரம்

...கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க தங்கச்சி, இந்தக் கூடை உங்களக் கடிக்காது. என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், என் மருமக ஜெயந்தினி! ஆம்பளப் புள்ளயப் பெத்தாச்சு, இன்னும் என்ன வேணும் அவளுக்கு? நாள் பூரா செவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா. புள்ள கத்துது, இவ மார்ல பால் வழிஞ்சு சட்டை நனையுது... தூக்க மாட்டா! "மாமி, புள்ளய எங்கிட்டத் தராதீங்க, எனக்குப் பயமா இருக்கு"ங்கிறா. கேட்டீங்களா கதைய? பெத்த புள்ளயக் கண்டு பயமாம்!

நானெல்லாம் பச்ச ஒடம்போட மாத்தளைச் சந்தையில குந்திக் கீரை வித்தவ. என் தலைய யாரு தடவுனாங்க? ஒரு நாள் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆத்துப் பக்கம்... சரி, அத விடுங்க.

வீட்டுக்கு வந்த மிட்வைப் மிஸ் என்னமோ பெருசா சொல்றா. இது சோம்பேறித்தனம் இல்லையாம். புள்ள பெத்தவங்களுக்கு வர்ற மனசு வருத்தமாம். மருந்திருக்காம், கிளினிக்குக்குக் கூட்டிப் போகணுமாம், தனியா விடவே கூடாதாம். என் மகன் கஜீபன் கடையச் சாத்திட்டு அவ பக்கத்துலயே குந்தியிருக்கான், வெக்கங்கெட்டவன்! அவ வாயத் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அம்மா வேணும்."

அதுக்குத்தான் இந்தப் பயணம். சம்பந்தி அழகாயியக் கூட்டிவரணும். அந்தப் பொம்பளயும் லேசுப்பட்டவ இல்ல. புள்ள பொறந்தப்ப வந்தவ, மகள மடியில போட்டுத் தலையத் தடவிக்கிட்டே கெடந்தா. அப்ப துணி யாரு தோய்க்கிறது? "செல்லங் குடுத்துக் கெடுக்காத, கெளம்பு"ன்னு பையத் தூக்கி... ஆமா, நாந்தான். இதே பஸ்லதான் ஏத்திவிட்டேன். அன்னிக்குத்தான் மருமக செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா.

அதுக்காக நான் எறங்கிப் போவேனா? வாசல்ல நின்னு "கெளம்பு"ன்னு சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது... என்ன அப்பிடிப் பாக்குறீங்க? சரி, "சம்பந்தி, கெளம்புங்க." போதுமா?... "தயவு செஞ்சு" சேத்துக்கிறேன், போங்க! அவ கதவச் சாத்துனா? சாத்துவா, ரோஷக்காரி... சாத்துனா, தப்பு எம்மேலதான்னு... ஐயோ, ஏன் எழும்புறீங்க? உங்க எடம் வந்திருச்சா? இருங்க தங்கச்சி, பேரம் இன்னும் படியலயே!

...ஏ கண்டக்டர் தம்பி, கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க. அவ கால்ல விழுந்தாவது பொழுதோட கூட்டிட்டுத் திரும்பணும். அந்தப் புள்ள செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கு.