ஸ்வர்ணா கொண்டுவந்த ஆமை

ஆமைக்கு அவித்த கீரை ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். பச்சையாகக் கிள்ளிப் போட்டால்தான் வாயைத் திறக்கும். என் தங்கை ஸ்வர்ணலதா அதைக் கொண்டுவந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

இந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்து இடவப்பாதிப் பருவமழை பிடித்த சமயம். மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பக்கத்துத் தோட்டுக் கால்வாயில் கிடந்ததாம். பின்னங்காலில் வலைநூல் இறுகிச் சதையை அறுத்திருந்தது. புடவைத் தலைப்பில் பொதிந்து எடுத்துவந்து கிணற்றடித் தொட்டியில் விட்டாள். அடுத்த வீட்டு மாயம்மாள் எட்டிப் பார்த்து, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க, பாக்கியம்" என்றாள். நான் சிரித்தேன். இப்போது நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா. கால் சொஸ்தமானா தோட்டிலேயே விட்டுடறேன். விட்டுட்டுத்தான் பம்பாய்க்கு வண்டி ஏறுவேன்" என்றாள் ஸ்வர்ணா. அவளுக்கு அங்கே டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது.

அந்தக் கடைசிப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டால் மற்றவள் யாருக்காகச் சாதம் வடிப்பாள்? அவள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போதே போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. கேட்டால் அழுவாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

அதனால் ஆமையின் புண்ணை ஆறவிடவில்லை. அவள் கோவிலுக்குப் போகும்போது தொட்டியில் கைவிட்டு, காலை இழுத்துப் பிடித்து, காய்ந்த பொருக்கை அரிவாள்மணை நுனியால் நெம்பிவிடுவேன். சத்தம் போடாத பிராணி. தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு கீரை போடுவேன். ஸ்வர்ணா வந்து பார்த்து, "பாவம், இன்னும் ஆறலையே" என்பாள். மஞ்சள் அரைத்துக் கொடுப்பதும் நான்தான். பம்பாய்க்காரர்களிடம் அவள் அவகாசம் கேட்டு வாங்கினாள்.

அவகாசமும் முடியப் பார்த்தது. ஒரு காலையில், "இனி காத்திண்டிருக்க முடியாது அக்கா. அது நீந்திப் பிழைச்சுக்கும்" என்று ஆமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். படித்துறையில் இறங்கித் தண்ணீரில் விட்டாள். அது ஜோராக நீந்திப் போயிற்று. "பாத்தியா, பாத்தியா" என்று சின்னப் பெண்போல் குதித்தாள். குதித்த இடத்தில் சிப்பி ஓடு. உள்ளங்கால் கிழிந்துவிட்டது.

அதை நான் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்டது நான். காயம் தானே ஆறியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராமே, வாஸ்தவம். உள்ளே சேறு இருந்தது என்றும் சொன்னாராம். இருந்தது. தோட்டுச் சேற்றை மஞ்சளோடு குழைத்தால் நிறம் தெரியாது. "எரியறது அக்கா" என்றாள். "எரிஞ்சாத்தான்டீ ஆறும்" என்றேன். ரயில் போகிறவரைக்கும் போதும் என்றுதான் நினைத்தேன். ரயில் போயிற்று. ஆனால் அடுத்த ரயில் என்று ஒன்று இருக்கிறதே.

கால் வீங்கிக் காய்ச்சல் கண்டது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். வெளியே போனால் கதவைப் புறத்தே பூட்டிக்கொண்டு போவேன். காய்ச்சலோடு எழுந்து நடந்து விழுந்துவிட்டால்? ஜன்னலையும் அடைத்தேன். குளிர்காற்று ஆகாது. உள்ளேயிருந்து கதவைத் தட்டுவாள். பிறகு தட்டுவதையும் விட்டாள். மாயம்மாள்தான், நாற்றம் வருகிறது என்று ஆட்களைக் கூட்டிவந்து பூட்டை உடைத்து, எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு விஷயம் அவளுக்கெதற்கு?

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். பரவாயில்லை, உயிர் இருக்கிறது. என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அது காய்ச்சலில் பேசுகிற பேச்சு.

ஒன்று மட்டும் நீங்கள் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும், சார். கட்டைக்கால் பொருத்தி நடை பழக்கப் போகிறார்களாம். அந்தச் சிரமமெல்லாம் அவளுக்குக் கொடுக்க வேண்டாம். தூக்கி உட்கார்த்த, குளிப்பாட்ட, ஊட்ட, நான் இருக்கிறேன். அவள் எங்கே நடக்க வேண்டும்?