ஜௌபரின் படகுக்கு நான் செய்த வேலை

வெயில் பட்டு வெளுத்துப்போன பிளாஸ்டிக்கை யாரும் அவசரப்பட்டு வீசிவிட வேண்டியதில்லை, ஐயா. மேலே சுண்ணாம்பு போலப் பூத்திருக்கும் பொடிதான் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். சலவைச் சோடாவில் ஊறப்போட்டுக் கழுவி, ஈரத் துணியில் பற்பொடி தொட்டுப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஊதுவிளக்கின் தீயை ஒரே ஒரு தரம் மேலால் ஓட்டி எடுத்தால், தோல் மட்டும் இளகிப் பழைய நிறம் திரும்பிவிடும். கடைசியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

என் பெயர் இத்ரூஸ். பதுளைக் கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் திருத்துகிறேன். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றபிறகு ஊரில் ஒரு வாளி உடைந்தால் வேறு வாளி கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். பசறையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் விரிசல் விட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வருவார்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டம், குடைப்பிடி, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற பேசின், எல்லாம் என் கையால்தான் இரண்டாம் முறை பிறந்தன. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை எனக்குப் பழக்கமில்லை.

ஜௌபர் என் மனைவி ஹம்ஸியாவின் தம்பி. தோட்டங்களுக்கு அரிசி, மா, பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரம். அவன் ஓரிடத்துக்கு வந்தால் அங்கே இருப்பவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விடுவார்கள். அப்படி ஒரு முகம். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது, பசறை வழியிலுள்ள ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகிற அவசரத்தில் தன் சின்னப் பாய்மரப் படகை ஜௌபருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேக்குகிற குளத்தில் அது கிடந்தது. மலைநாட்டில் பாய்மரப் படகு வைத்திருந்த ஒரே முஸ்லிம் அவனாகத்தான் இருந்திருப்பான். துரையிடமே ஓட்டவும் கற்றிருந்தான். நீச்சல் மட்டும் கற்கவில்லை.

மரம் நன்றாகவே இருந்தது. பிளாஸ்டிக் சாமான்கள்தான் வெயிலில் கெட்டிருந்தன. ஜௌபர் அவற்றையெல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

“மச்சான், கொழும்புலயும் இது கெடைக்காது. நீங்கதான் ஏதாவது செய்யோணும்.”

எது எதற்கு என்று அவனே சொல்லித் தந்தான். பாயின் கயிறு ஒரு கப்பிக்குள்ளால் ஓடுகிறது. காற்று பலமாக அடித்தால் கயிற்றை உடனே தளர்த்திவிட வேண்டும். பாய் தொங்கிப்போகும், படகு நிமிர்ந்துவிடும். அப்படியும் கவிழ்ந்தால் பயமில்லை. படகின் இரு பக்கமும் காற்றுப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் வாயைத் திருகு மூடிகள் அடைத்திருக்கும்வரை படகு தாழாது, பிடித்துக்கொண்டு மிதக்கலாம். கப்பியும் மூடிகளும்தான் உயிர் என்றான்.

அந்த வேலையை நான் செய்தேன். பெருநாளுக்கு முன்னால் கடையில் குவிந்த வாளிகளை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்தேன். கப்பியின் சக்கரம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. பழைய வாளித் துண்டை உருக்கி அடைத்து, இழைத்து, வட்டம் பிசகாமல் எடுத்தேன். மூடிகளின் புரியை ஊசி முனையால் துப்புரவாக்கினேன். எல்லாம் பூட்டி முடிந்ததும் அந்தப் படகு குளத்தில் வெள்ளைக் கொக்கு மாதிரி நின்றது.

புதிதாக வந்த துரை கரைக்கு வந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். இதையெல்லாம் திருத்தியது யார் என்று கேட்டார். நான் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஜௌபருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

“பதுளையில ஒரு ஆள் ஈக்கார், சேர்,” என்றான் ஜௌபர்.

திரும்பி வரும்போது வேனில் அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான். “கொறையா நெனைக்க வேணாம் மச்சான். அந்த மாதிரி ஆக்களுக்கிட்ட எப்பிடிச் சொல்ற, என்ட மச்சான் வாளி ஒட்டுறார் எண்டு?” சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்தால் மற்றவர்களுக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை என்பதை ஹம்ஸியாவிடம் கேட்டாலும் சொல்வாள். அதைப் பற்றி அவளிடம் நான் ஒரு நாளும் பேசியதில்லை. வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் பேசாமலே இருந்தேன்.

அடுத்த வருஷம் வெயில் மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. சாமான்கள் பொடி பூத்தன. ஜௌபர் அதே சாக்கைக் கொண்டுவந்து வைத்தான்.

இந்த இடத்தைக் கவனமாக எழுதுங்கள், ஐயா.

வெளித்தோலை முன்னைவிட நன்றாகவே செய்தேன். தீ ஓட்டிய தடம்கூடத் தெரியாது. கப்பிச் சக்கரத்தின் விளிம்பை மட்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் சீவினேன். இலேசான காற்றில் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும். பலமாக இழுபட்டால் சக்கரத்துக்கும் கப்பியின் சுவருக்கும் நடுவே விழுந்து கவ்விக்கொள்ளும். பிறகு யானை இழுத்தாலும் தளராது. மூடிகளின் புரியைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகுதிரியை உருக்கிச் சுண்ணாம்புப் பொடி கலந்து ஊற்றி, அதிலேயே புரி வெட்டினேன். மெழுகில் புரி வெட்டுவது இலேசான காரியமல்ல. சூடு கூடினால் வழியும், குறைந்தால் உதிரும். என்னைத் தவிர இந்த மாகாணத்தில் வேறு யாராலும் முடியாது.

ஒரு போத்தலில் பூட்டிப் பேசினில் அமுக்கிப் பார்த்தேன். தண்ணீர் போகவில்லை. முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு மறுபடியும் அமுக்கினேன். போனது. இரண்டும் நான் நினைத்தபடிதான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவனுக்கு ஒரு நல்ல வேலையின் அருமை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகளெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. ஹம்ஸியா புரியாணி ஆக்கி எடுத்துக்கொண்டு எங்களோடு வந்திருந்தாள். குளத்துக் காவல்காரர் கணபதி, படகை அவிழ்க்காமல் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“காத்து சரியில்லீங்க, மொதலாளி. இன்னைக்கு வேணாங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“நல்லாத் திருத்தியீக்கி, கணபதி. இனி எந்தக் காத்துக்கும் பயமில்ல,” என்றான் ஜௌபர்.

அப்போது துரையும் வந்தார். குனிந்து கப்பியைப் பார்த்தார், மூடியில் விரலால் தட்டிப் பார்த்தார். போன வருஷத்தைவிட இது அழகு, சீமையிலிருந்து இறக்கியது போலிருக்கிறது என்றார். யார் செய்தது என்று மறுபடியும் கேட்டார்.

ஜௌபர் என் தோளில் கைபோட்டு இழுத்து முன்னால் நிறுத்தினான். “இவர்தான் சேர். என்ட மச்சான். போன வருஷமே சொல்லியிருக்கோணும். எனக்குத்தான் புத்தியில்லாமப் போச்சி.”

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றாக அழுத்திக் குலுக்கினார். கொழும்பில் தன் நண்பர்களுக்குக்கூடப் படகுகள் இருக்கின்றன, உங்களிடம் அனுப்பட்டுமா என்றார். ஆகட்டும் என்றேன்.

ஐயா, நீங்களும் ஓர் உத்தியோகம் பார்க்கிறவர். அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என்னைப் பாராட்டிய கை என் கைக்குள்ளேயே இருக்கும்போது, ‘அந்தக் கப்பி கவ்வும், அந்த மூடி இளகும்’ என்று எப்படிச் சொல்வது? ஜௌபர் மேல் எனக்கு ஒரு கோபமும் மிச்சமிருக்கவில்லை. அது உண்மை. ஆனால் என் வேலையைக் கெட்ட வேலை என்று என் வாயாலேயே, அதுவும் துரைக்கு முன்னால், சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ராத்தா, நீங்களும் ஏறுங்க. ஒரு சுத்து போய் வருவம்,” என்று ஜௌபர் அக்காவைக் கூப்பிட்டான்.

ஹம்ஸியா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. “நானும் ஒருக்கா போய் வரட்டா?” என்றாள்.

துரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“போய் வாங்க,” என்றேன்.

நடுக்குளத்துக்குப் போகும்வரை நன்றாகப் போனது. அவள் சிரிக்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. பிறகு மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கியது. ஜௌபர் கயிற்றைத் தளர்த்தப் பார்த்தான், கப்பி கவ்விவிட்டது. படகு சாய்ந்தது, கவிழ்ந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். துரை பக்கத்திலிருந்து, பயப்பட வேண்டாம், அது மிதக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூடிகள் காலையிலிருந்து வெயிலில் இருந்தன. கொஞ்ச நேரத்தில் படகின் முன்பக்கம் தாழ்ந்தது, பிறகு மற்றப் பக்கமும்.

ஜௌபர் துடுப்பை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டதை எல்லோரும் பார்த்தோம். கணபதி குதித்து நீந்திப்போய் ஹம்ஸியாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் முறை போனபோது அங்கே யாருமில்லை. ஜௌபரின் மையத்து மாலையில்தான் மிதந்து கிடைத்தது.

மரண விசாரணையில் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். சாமான் பழையது என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ஹம்ஸியா எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அவருக்கு வாளி ஒட்டத்தான் தெரியும், சேர். படகுச் சாமான் ஒண்டும் தெரியாது. தம்பிதான் சும்மா புடிச்சிக் குடுத்த. ஏலாத வேலையச் செய்யப் போய் இப்பிடி ஆகிப்போச்சி. அவர்ல வேற குத்தமில்ல.”

துரையும் தலையசைத்தார். அனுபவமில்லாத ஒருவர் செய்த தரக்குறைவான திருத்தம், அதனால் நேர்ந்த விபத்து என்று தீர்ப்பானது. என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் வைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஹம்ஸியாவைக் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணியில கெடக்கக்குள்ள அந்த மூடி என்ட கையோட வந்திச்சி. நெகத்துல எல்லாம் மெழுகு.” சுளகைக் கீழே வைக்காமலே சொன்னாள். “அவன் போயிட்டான். உங்களையும் தூக்கிட்டாங்க எண்டா எனக்கு ஆரு ஈக்கிற? இனி அதப் பத்திப் பேச வேணாம்.”

நல்ல பெண். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அவள் மேல் மனத்தாங்கல் கிடையாது. அவள் சொன்னபடி நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் கடைவீதியில் கதை பரவிவிட்டது. எதிர்க்கடை மொஹிதீன் என்னைக் கண்டால் அனுதாபமாகத் தலையாட்டுகிறான். கொழும்பிலிருந்து எந்தப் படகுக்காரரும் வரவில்லை. இன்று காலை, பல வருஷமாக என்னிடம் வருகிற தோட்டத்துப் பெரியாயி, திருத்தக் கொடுத்த பேசினைத் திருப்பிக் கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க, மொதலாளி. நீங்க ஒட்டுனா நிக்காதுன்னு லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க. அதான் வேற எடம் பாக்கலாம்னு.”

கடையைப் பூட்டிவிட்டு நேரே உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். ஹம்ஸியாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவாள், ஆனால் மனிதனுக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஜௌபரைக் கொன்றது நான்தான். தரக்குறைவான திருத்தம் என்று தீர்ப்பில் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த வேலையில் ஒரு பிழையும் இல்லை.