தூக்கத்துக்குச் சாட்சி யார்?

சபைக்குத் தலைமை தாங்கும் பேருந்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! சக்கரம் சுழன்ற காலமெல்லாம் சலிக்காமல் உழைத்து ஓய்வுபெற்ற மூத்தோரே! ஓட்டுநர்த் தோழர்களே! அவர்கள் விடும் குறட்டையைக் கேட்டுக் கேட்டே கண்விழித்துக் காலம் கழிக்கும் தாய்மார்களே! தூக்க மருத்துவப் பிரிவுச் செவிலியின் தலைதாழ்ந்த வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் குறட்டை சிரிப்புக்குரியதுதானா? தொண்டை அடைபட்டு, மூச்சு முடங்கி, மூளை பதறி எழுப்புகிறதே, ஒரு மணி நேரத்தில் முப்பது முறை! அதற்குப் பெயர் உறக்கமா? மறுநாள் அந்தக் கண்களை நம்பித்தானே ஐம்பது பேர் பேருந்தில் ஏறுகிறார்கள்?

என் அண்ணனும் உங்களில் ஒருவர்தான். போன மாதம் பட்டப்பகலில் பேருந்து நிறுத்தக் கம்பத்தில் வண்டியை மோதவிட்டார். நல்லவேளை, அங்கே ஆளில்லை. "குடிச்சிருப்பான்" என்றார்கள். குடியைத் தொடாத மனிதர் வாய் திறக்கவில்லை. கண் அயர்ந்தேன் என்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம்!

அண்ணிதான் அவரை எங்கள் பிரிவுக்கு இழுத்துவந்தார். மூச்சுப்பாதை மூடாதிருக்கக் காற்றூட்டும் முகமூடி கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டார். "புயலுக்கு முகத்தைக் காட்டின மாதிரி இருக்கு" என்றார். கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல் கவசம் கொடுத்தோம். போட்டுக்கொண்டார், அடைப்பு பாதிதான் குறைந்தது. இரண்டையும் சேர்த்தால்? கவசம் வழிவிட, காற்றைக் குறைத்தால், முகமூடியைப் பொறுத்துக்கொள்வாரா? தெரியாது! தெரிந்துகொள்ளத்தான் உங்களை அழைக்கும் இந்த மருத்துவச் சோதனை. முகமூடி மட்டும் ஒரு குழுவுக்கு, கவசம் மட்டும் ஒரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து ஒரு குழுவுக்கு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் சொல்லும். அண்ணனுக்கும் அப்படித்தான், தங்கையின் தயவு அங்கே செல்லாது!

திட்டம் தீட்டினோம், தவறும் செய்தோம். "நன்றாகத் தூங்குகிறீர்களா?" இதுதான் கேள்வித்தாளில் முதல் கேள்வி. முன்னோட்டமாகக் கேட்ட இருபது பேரும் எழுதினார்கள்: "படுத்ததும் தூங்கிடுவேன்." பாக்கியசாலிகள் என்று நாங்களும் டிக் போட்டோம்! தாளைப் பார்த்த அண்ணி வெடித்தார்: "தூங்குறவரையே கேட்டா அவருக்கு என்ன தெரியும்? மூச்சு எப்ப வரும்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கிறது நான்! எனக்கு எங்க தாள்?"

என்னம்மா, அங்கே கைநீட்டுகிறீர்கள், உங்களுக்கும் ஒன்று வேண்டுமா? தருகிறேன் தாயே, அதற்குத்தான் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருக்கிறேன். பழைய தாளைக் கிழித்துவிட்டோம். இனி ஆளுக்கு இரண்டு தாள்: தூங்குபவருக்கு ஒன்று, பக்கத்தில் விழித்திருப்பவருக்கு ஒன்று!

தாள் மாறிவிட்டது, பயம் மாறவில்லையே! உண்மை சொன்னால் பிழைப்பு போகும் என்றால் எவர் முன்வருவார்? ஆளே வராத சோதனை ஏட்டுச் சுரைக்காய் அல்லவா? தலைவர் அவர்களே, சிகிச்சை பலிக்கும்வரை ஸ்டியரிங் வேண்டாம், பணிமனையில் மாற்று வேலை போதும். குணமானதும் அதே இருக்கை. இந்த உறுதி கிடைக்குமா? தலையசைக்கிறீர்கள், போதாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள்!

(தலைவர்: "நிர்வாகத்துகிட்ட எழுதியே வாங்கிட்டேன்மா. உண்மையைச் சொன்ன யாரோட சீட்டும் போகாது." கைதட்டல்.)

யாரது, மூன்றாவது வரிசையில் எழுவது? அண்ணனா! சொல்லுங்கள் அண்ணா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

("நான் குடிக்கல. தூங்கிட்டேன்.")

கேட்டீர்களா? ஒரு மாதமாகத் தொண்டையில் அடைத்திருந்தது இன்று திறந்துவிட்டது! முதல் தாள் இதோ அண்ணனுக்கு. இரண்டாவது தாள் அண்ணிக்கு. அடுத்தவர் வாருங்கள்! கண்ணயராமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!